சித்தியின் மேல் விழுந்த வெளிச்சம்

பத்திரிகை அலுவலகத்தில் செய்திகளைத் திருத்துவது என் வேலை. "வெளிச்சத்துக்கு வந்தது", "வெளிச்சம் போட்டுக் காட்டியது" என்ற சொற்கள் இல்லாமல் ஒரு நாள்கூடப் போவதில்லை. எழுதுகிறவர்களுக்கு அது கைப்பழக்கம். எனக்கு மட்டும் அந்த இடத்தில் கை சற்று நின்றுவிடும்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, கடைசித் தங்கை சித்தி, நான். மாமா ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். சித்தி துறைமுகச் சாலையில் ஒரு கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கம்பெனியின் குளிர் அறைக் கதவில் உள்பக்கக் கொண்டி உடைந்து வெகுநாளாகியிருந்தது. ஒருநாள் பெட்டி எடுக்கப் போன ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவைத் தட்டியது இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சித்திதான் தற்செயலாகத் திறந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளைக் காய்ச்சலில் மயங்கிவிட்டாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாப்பிடும்போது சித்தி இதைச் சொல்ல, மாமா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"பேரு போட்டாத்தான் நம்புவாங்க. போடட்டுமா?"

"நடந்ததத்தான சொல்லுதேன். போடு அண்ணே," என்றாள் சித்தி.

"குளிர் அறைக் கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது" என்று செய்தி வந்தது. நடுவில் சித்தியின் படம். நான் அதைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினேன். எங்கள் தெருவிலேயே பேப்பரில் வந்த முதல் ஆள் என் சித்திதான் என்ற பெருமை எனக்கு.

செய்தி வந்த மறுநாள் வேலைக்குப் போன சித்தி போன வேகத்தில் திரும்பி வந்தாள். காவலாளி கேட்டைத் திறக்கவில்லையாம். கூட வேலை பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து உள்ளே போனார்களாம்.

மாலையில் மாமா கொதித்துப்போய் வந்தார். "விடமாட்டேன். இதையும் எழுதுதேன்."

"எழுதாத," என்றாள் சித்தி. அவள் குரல் உயரவே இல்லை. "நீ என் ஒருத்தி மேல மட்டும் வெளிச்சத்த அடிச்சிட்ட. அவங்களுக்கு ஆளு அடையாளம் தெரிஞ்சிட்டுல்லா? கூட நின்னவளுவ எல்லாரும் இருட்டுல போயிட்டாளுவ."

அன்று இரவு மாமா சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு சித்தி தினமும் சாயங்காலம் வெளியே போனாள். கோயில் தெருவிலும் கடற்கரைக் குடியிருப்பிலும் கூட வேலை பார்த்தவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறினாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி அழுதது என் காதில் விழுந்தது. "ஏளா, உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? பேசாம வீட்டுல கெட," என்று அம்மா கெஞ்சியும் பார்த்தாள். சில வீடுகளில் கதவே திறக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எங்கள் முற்றத்துக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் குளிர் அறையில் மாட்டிக்கொண்டவள்தான். பிறகு கேட்டில் தலை குனிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சித்தி மாமாவைக் கூப்பிட்டாள்.

"இப்ப எழுது அண்ணே. எல்லார் பேரையும் போடு."

அந்தச் செய்தி வந்த வாரமே கதவுக்குப் புதுக் கொண்டி போட்டார்கள். அத்தனை பேரையும் நிறுத்தினால் இறால் அழுகிப்போகும் என்பதால் மற்றவர்கள் மேல் கை வைக்கவில்லை. சித்தியை மட்டும் கடைசிவரை திரும்ப எடுக்கவில்லை. அவள் உப்பு பாக்கெட் போடும் இடமொன்றில் சேர்ந்தாள். இதெல்லாம் பின்னால் எனக்குச் சொல்லித் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் ஏதோ விசேஷம் என்பதுதான். எல்லாரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். தலையில் பூ இருந்தது. படம் எடுக்க வரிசையாக நின்றபோது நான் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று, "சிரிங்க, எல்லாரும் சிரிங்க," என்று கத்தினேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது.

மாமா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றார்.

அவர்கள் ஏற்கெனவே ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடித்துக்கொண்டு, காற்றுப் புக இடமில்லாமல்தான் நின்றார்கள். அவ்வளவு பெரிய முற்றத்தில் இவர்கள் ஏன் இப்படி நெருக்கியடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.