வேலிக்கு அப்பாலிருந்து எடுத்த பாட்டு

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. மருதமுனையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்றில் வாப்பா நெய்வார், மற்றதில் நான். கல்முனைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த என் கூட்டாளி பழைய ஹார்மோனியம் ஒன்றை வாங்கி வந்தான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பாட்டுக்காரர்கள் ஆனோம். சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை பூட்டிக் கிடக்கும் நேரத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்வோம். அவன் கட்டைகளைத் தடவித் தடவி மெட்டுத் தேடுவான். நான் அதற்குச் சொல் தேடுவேன்.

தேநீர்க் கடை றேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டு எதுவானாலும் மறுநாளே அவன் விரலுக்கு வந்துவிடும். என் காதில் ஏறியவை வேறு. பக்கீர்மார் தாயிராக் கைப்பறையைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருவால் போவது, கரைவலை இழுப்பவர்கள் மூச்சைப் பிடித்து விடுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தறி. கால் மிதிக்க, கை நூல் கோத்த நாடாவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்ட, ஒரு தாளம் தானாக விழும். அந்தத் தாளத்தில்தான் நான் பாட்டுக் கட்டினேன். ஆனால் வந்து விழுந்த சொற்கள் நிலவு, மலர், தென்றல் என்று எங்கோ படித்தவையாகவே இருந்தன. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை வாழ்த்திப் பாடினோம். சனங்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள், எழும்பிப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டாளி ஹார்மோனியத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னான்.

"மச்சான், நம்மட பாட்டுல நம்மட எண்டு ஒண்டும் இல்லடா. மெட்டு சினிமாட, சொல்லு புத்தகத்துட."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பது வீடு வந்து சேர்வதற்குள் விளங்கிவிட்டது. அந்தக் கிழமை ஏழு நாளும் சோறு இறங்கவில்லை.

எங்கள் கொட்டிலுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலி. அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளோடு, அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். தறிக்காரர்களுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை இறக்காமத்து வட்டையில் வயல் செய்யப் போய் இரண்டு போகம் கடந்திருந்தது. ஆனை வருகிற இடம், பரணில் காவல் இருக்க வேண்டும், விட்டுவர முடியாது என்பாள். "அவரு நெல்லு அனுப்பியிரிக்காரு மாமி" என்று என் உம்மாவிடம் அடிக்கடி சொல்லுவாள். நாங்கள் நம்பினோம்.

அவள் கவி பாடுவதை நான் கேட்டது அந்தக் கிழமையில்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் நாலு வரியாகக் கட்டிப் பாடுகிற கவி. முதல் வரி காதில் விழுந்ததும் நான் நெசவை நிறுத்தினேன். உடனே அவளும் நிறுத்திவிட்டாள். மறுபடி மிதித்தேன். சற்று நேரத்தில் குரல் வந்தது. தறிச் சத்தம் இருக்கும்வரை தன் குரல் யாருக்கும் கேட்காது என்று அவள் நினைத்திருக்கிறாள். அது விளங்கிய பிறகு நான் செய்த வேலையை இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. வாப்பா வெளியே போன நேரம் பார்த்து, நூலே இல்லாத நாடாவைச் சத்தத்துக்காக மெதுவாக ஓட்டிக்கொண்டு காதைக் கொடுத்தேன். மூன்று நாள் கேட்டேன்.

வட்டைக்கு ஆனை வரும்
வந்தா தீப்பந்தம் உண்டு
வாசலுக்கு வாற பசி
எந்த வெடிக்கு ஓடும், மச்சான்?

பசி என்ற சொல் எனக்கும் கேட்டதுதான். அவள் பட்டினி கிடக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. என்ன அழகான சொல் என்று மட்டுமே தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பாடிக்காட்டக் கேட்டதும் கூட்டாளி ஹார்மோனியத்தை இழுத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் விரல் எந்த சினிமா மெட்டுக்கும் போகவில்லை. அவள் இழுத்துப் பாடிய மாதிரியே கட்டைகளை அழுத்தி அழுத்திப் போனான். வேலியடியில் கேட்ட மேலும் இரண்டு கவியை நான் சேர்த்தேன்.

"ஆருடா கட்டின?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். அஸர் தொழுகைக்குப் பிறகு பந்தலில் அதைப் பாடினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். "இன்னொருக்காப் பாடு தம்பி" என்று ஒரு பெரியவர் எழும்பி நின்றே கேட்டார். திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம் முதலில் சலசலப்பு, பிறகு அடியோடு அமைதி. பாட்டு யாருடையது என்று கேட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் என்னுடையது என்று சொன்னேன். சமையலுக்கு உதவ வந்த பெண்களோடு அந்த ராத்தாவும் திரைக்குப் பின்னால் இருந்தாள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு உம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

மறுநாள் காலையில் அவளுடைய மாப்பிள்ளையின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஆனைக் காவலுக்குப் போனவன் எங்கட தெருவுல ஒருத்தன்தான். எங்கட வீட்டுப் பொம்புள பட்டினி எண்டு உனக்கு ஆரு சொன்ன? அவள் சொன்னாளா?"

ஓம் என்றால் அவளுக்குத்தான் அடி. "ஆரும் சொல்லல்ல. நானாக் கட்டின பாட்டு" என்றேன். அவர் துப்பிவிட்டுப் போனார்.

அவர் போனதும் உம்மா ஒரு சுளகில் அரிசி எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார். போன வேகத்தில் சுளகோடு திரும்பி வந்தார். அவள் வாங்கவில்லை. "அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடக்குடா" என்று மட்டும் சொல்லிவிட்டு உம்மா உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் வேலியடிக்குப் போய் நின்றேன். கிடுகு வழியே அவள் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. ராட்டை நின்றிருந்தது.

"ராத்தா, அது உங்கட கவிதான் எண்டு எல்லாரிட்டயும் சொல்லிடுறன். நான் களவெடுத்தவன் எண்டு சொல்லுறன்."

"சொல்லாத" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "என்டதெண்டு தெரிஞ்சா நான் எங்க போற? புள்ளைகளுக்குக்கூட நான் பசி எண்டு சொன்னதில்ல. நீ பந்தல்ல வெச்சுச் சொல்லிட்டாய். இனி மறுகா என்ன? உன்ட பாட்டாவே கிடக்கட்டும்."

அவளைக் காப்பாற்ற என் பொய்யே வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பொய்யை நான் விடவே முடியாமல் போயிற்று.

பாட்டு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ஒலுவிலில் வலை இழுப்பவர்கள் அதைப் பாடுகிறார்கள் என்று கூட்டாளி பெருமையோடு வந்து சொன்னான். கொழும்புக்குப் போய் றேடியோவில் பாடுவோம் என்றான். நான் இனிமேல் அதைப் பாடமாட்டேன் என்றேன். காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

"உனக்குப் பெரும புடிச்சிட்டு" என்று சொல்லிவிட்டு ஹார்மோனியத்துக்கு மேல் துணியைப் போட்டான். அதோடு எங்கள் வெள்ளிக்கிழமைகள் முடிந்தன.

அறுவடைக்குப் போனவர்களோடு பாட்டு இறக்காமத்துக்கும் போயிருக்கிறது. இரண்டு மாதத்தில் அவளுடைய மாப்பிள்ளை மாட்டு வண்டியில் வந்தான். நெல்லு மூட்டைகளை உள்ளே எடுக்காமல், தெருவெல்லாம் பார்க்கட்டும் என்று நாள் முழுக்க வாசலில் அடுக்கி வைத்தான். ஒரு கிழமை கழித்து அவளையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். "உன்ட பாட்டு ஒரு குடும்பத்தச் சேத்து வெச்சிட்டு" என்று பலர் என் தோளில் தட்டினார்கள். வண்டியில் ஏறும்போது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று வருடங்களுக்குப் பிறகு தறியில் நெய்த சாரம் கொடுக்க இறக்காமம் போன இடத்தில் அவளைக் கண்டேன். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் வீட்டில் நெல் இருந்தது. மாப்பிள்ளை வயலுக்குப் போயிருந்தான். வெளியே நிறுத்தாமல் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேத்தண்ணி தந்தாள். உம்மாவின் சுகம் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன்.

"இப்பயும் கவி படிக்கிறீங்களா ராத்தா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"இல்ல தம்பி. வாயத் தொறக்கக்குள்ள ஆரும் கேக்காங்களோ எண்டு கிறுகிப் பாக்கன். மறுகா கவி வராது."

கோபமாகச் சொல்லவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நான் பாட்டுக் கட்டினேன், அதை விட முடியவில்லை. என் வீட்டில் நடந்ததை, என் வயிற்றில் பட்டதை வைத்தே கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். சில பாட்டுகள் பரவாயில்லை. ஆனால் பந்தலில் அன்று கைகள் நின்றதுபோல் எந்தப் பாட்டுக்கும் நின்றதில்லை. கிழக்குக் கரையில் என்னைத் தெரிந்தவர்கள் அந்த ஒரு பாட்டுக்காகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்பவர்களிடம் தறியில் இருக்கும்போது வந்தது என்று சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் மாற்றிவிடுவேன்.