இலைக்கடியில் செம்பொடி

துருநோய் கண்ட வேர்க்கடலை இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? சீ! அடிப்பக்கம் முழுக்கச் சொறி பிடித்தமாதிரி கொப்புளம். விரல் பட்டால் வெடித்துச் செம்பொடி அப்பும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் பூஞ்சையின் வித்து. காற்றில் போய் ஈர இலையில் விழுந்தால் போதும், முளைத்து, இலை மூச்சுவிடும் துளை வழியாக உள்ளே நுழைந்துவிடும். ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். கொஞ்ச நாளில் புதுக் கொப்புளம், புதுப் பொடி. கல்லூரியில் தாவரவியல் பரீட்சைக்கு இதையெல்லாம் முகம் சுளிக்காமல் எழுதியவள்தான் நான்.

காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்த அப்பா, உத்திரமேரூர் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து முதல்முறையாக வேர்க்கடலை போட்டிருந்தார். விளைந்தால்தான் அடுத்த போகத்துக்கும் நிலம் எங்களிடம் இருக்கும். எங்கள் செடியில் அதுவரை ஒரு கொப்புளமும் இல்லை. ஆனால் அறுவடை முடிந்து சும்மா கிடந்த பக்கத்து நிலத்தில், மண்ணில் தங்கிப்போன கடலை மழைக்குத் தானாக முளைத்திருந்தது. அத்தனை இலையிலும் துரு. இந்தச் சனியன் உயிருள்ள பச்சை இலையில்தான் பிழைக்கும். அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

அந்தப் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"நாஷ்டா துன்ற நேரத்துல இன்னா எளவக் காட்டுற? தானா மொளச்சிகீது, மகாலச்சுமி மாதிரி. அத்தப் போயி புடுங்கச் சொல்றியே, இன்னா படிப்பு படிச்ச நீ?"

"வுடும்மா, பெரிய எடத்துல பேஜாரு வாணாம்" என்றார் அப்பா.

மறுநாள் நானே இறங்கிப் பிடுங்கிக் கோணியில் திணித்தேன். கழுத்து வியர்வையில் பொடி ஒட்டி நமநமவென்றது. பாதி முடிவதற்குள் நிலத்துக்காரர் வந்துவிட்டார்.

"வேர்க்கல்ல திருட வந்தியா? கோணியக் கொட்டு."

கொட்டினேன். குனிந்து ஒவ்வொரு வேராகப் பிரித்துப் பிரித்துத் தேடினார். ஒரு காய்கூட இல்லை. கொப்புளங்களைவிட அந்த விரல்கள்தான் எனக்கு அருவருப்பாக இருந்தன.

அப்பா ஓடிவந்தார். "கொயந்த தெரியாம பண்ணிட்டுது, மன்னிச்சிக்கோங்க" என்று கும்பிட்டார்.

நிலத்துக்காரர் கையெல்லாம் செம்பொடி. வெள்ளை வேட்டியில் துடைக்க மனமில்லாமல், வரப்பைத் தாண்டிக் குனிந்து, எங்கள் செடியின் பச்சை இலைகளில் அழுத்தித் துடைத்துவிட்டுப் போனார். அப்பா கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.