ஏழாம் நம்பர் சாவிக்குக் கீழே

மூன்றாவது 'பீப்' வருவதற்குள் பிடித்துவிடுவார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த வெள்ளை டைமரைத் தகரத்திலிருந்து பிய்த்தெடுத்து, தோள்துண்டில் சுருட்டி, நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அதற்குப் பிறகுதான் பட்டனைத் தேடுவார். கண்ணாடி போடாமல் பட்டன் தெரியாது. அதுவரைக்கும் அது துண்டுக்குள்ளேயே கத்திக்கொண்டு கிடக்கும்.

"ஒருத்தன எழுப்பப் போயி ஒம்பது பேர எழுப்பிரக் கூடாதுல்லா" என்பார் நாறும்பூநாதன்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் இருக்கிறது அந்த லாட்ஜ். பதினெட்டு ரூம். அறுபத்திரண்டு வயது நாறும்பூநாதன்தான் அதற்கு மேனேஜர், வாட்ச்மேன், வெந்நீர் ஊற்றுகிறவர் எல்லாம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மேலகரத்து வீட்டைப் பூட்டிவிட்டு லாட்ஜிலேயே தங்கிவிட்டார். சீசன் நாளில் அவருக்கு முக்கியமான வேலை ஆட்களை எழுப்புவது. கூட்டம் வருமுன்னே அருவியில் நிற்க வேண்டும் என்று ஒரு ரூம் நாலு மணி சொல்லும். செங்கோட்டையில் ரயில் பிடிக்க வேண்டும் என்று இன்னொரு ரூம் ஐந்தேகால் சொல்லும். செல்போனில் அலாரம் வைத்தால் அடிப்பது எந்த ரூமுக்கு என்று தெரியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முட்டை அவிக்கிற டைமர் ஒன்றை ஒரு குடும்பம் மறந்து வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்ததும் அவருக்கு யோசனை வந்தது. தென்காசி பஜாரில் அதேபோல் இன்னும் எட்டு வாங்கினார். டைமருக்கு முதுகில் காந்தம் உண்டு. சாவி மாட்டும் பலகையோ மரம். அதனால் காலியான எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, தட்டி நிமிர்த்தி, பலகைக்குக் கீழே ஆணி அடித்தார். எந்த ரூமை எழுப்ப வேண்டுமோ அந்தச் சாவிக்கு நேர் கீழே டைமர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கதவைத் தட்டி, உள்ளேயிருந்து "உம்" என்று குரல் வந்தால் அவர் நம்பமாட்டார். "உம்முங்கது தூக்கத்துல வாற சத்தம். தாப்பாள் சத்தம் கேக்கணும், அப்பதான் ஆள் எந்திச்ச கணக்கு." தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறவரை கதவோடு காதை வைத்து நிற்பார். செல்போனில் சினிமாப் பாட்டை அலாரமாக வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "பாட்டுப் போட்டா எவன் எந்திப்பான்? தாளம் போட்டுக்கிட்டே தூங்குவான்."

சீசன் முடிந்தால் ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைகள் பாதி பூட்டிக்கிடக்கும். மொட்டைமாடிக் கொடியில் ஒரு துண்டுகூடக் காயாது. பதினெட்டுச் சாவியும் பலகையிலேயே தொங்கும். காலையில் பத்து மணிக்கு ரூம்களைக் கூட்டித் துடைக்கத் தங்கபுஷ்பம் வருவாள். பன்னிரண்டரைக்குப் போய்விடுவாள். அதன்பிறகு நாறும்பூநாதனோடு பேசுவதற்கு வராந்தாக் குரங்குகள்தான்.

இந்தப் புரட்டாசியில் தங்கபுஷ்பம் வாளியோடு மாடியிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்துப் பலகையில் டைமர் அடித்தது. ஏழாம் நம்பர் சாவிக்குக் கீழே. ஏழாம் நம்பர் ரூம் மழைக்கு ஒழுகும், யாருக்கும் கொடுப்பதில்லை.

"என்ன அண்ணாச்சி, யார எழுப்பப் போறீய? குரங்கயா?"

"போட்டி அங்கிட்டு. எம் பேத்திக்குப் பால் குடிக்க நேரமாவுது."

மகள் முத்துசெல்வி கனடாவில் இருக்கிறாள். பிள்ளை மாசம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. இரண்டு கிலோ நூறுதான். பசித்தாலும் அழத் தெரியாத பிள்ளை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும், எடை மூன்று கிலோவைத் தாண்டுகிறவரை விடக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லியிருந்தார். மருமகன் மணிகண்டபிரபுவுக்கு ராத்திரி வேலை. முத்துசெல்வி தனியாள். முதல் வாரமே எடை கூடாமல் குறைந்தது. போனில் அழுதாள்.

"எப்பா, அலாரம் அடிக்குப்பா. என் கை அதுபாட்டுக்கு அமத்திருது. எனக்குத் தெரியவே மாட்டேங்கு. நேத்து விடிஞ்சுதான் முழிக்கேன். பிள்ள ரெண்டு வேள பட்டினி."

நாறும்பூநாதன் சாவிப் பலகையைப் பார்த்தார்.

"ஏட்டி, அலாரத்த அமத்திரலாம். என்னய அமத்த முடியுமா உன்னால? நான் எழுப்புதேன்."

இங்கே காலை எட்டரை என்றால் அங்கே ராத்திரி பதினொன்று. பதினொன்றரை என்றால் அங்கே இரண்டு மணி. மத்தியானம் இரண்டரை என்றால் விடியற்காலை ஐந்து. அங்கத்திய ராத்திரி மூன்றும் இவருக்குப் பகல். வேலைக்குத் தோதாகப் போயிற்று.

டைமரில் ஒரே ஒரு தொல்லை. தொண்ணூற்றொன்பது நிமிஷத்துக்கு மேல் அதில் எண் ஏறாது; சீசனில் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றித்தான் வைப்பார். மூன்று மணி நேரம் வேண்டுமென்றால் தொண்ணூறு நிமிஷத்தை இரண்டு தடவை வைக்க வேண்டும். முதல் தடவை அடிக்கும்போது போன் போட மாட்டார். அதை அமர்த்திவிட்டு, செல்போனில் இருக்கிற படத்தைத் திறந்து பார்ப்பார். நீலக் குல்லாய்க்குள் உள்ளங்கை அளவு முகம். "பாதித் தூக்கம் ஆச்சு" என்று சொல்லி மறுபடியும் தொண்ணூறு வைப்பார்.

முதல் நாள் பதினொன்றரைக்கு போன் போட்டவர், மகள் எடுத்ததும் பழக்கத்தில் கத்திவிட்டார்: "சார், ஏழாம் நம்பர்! மணி ரெண்டாச்சு, எந்திரிங்க, வெந்நீ வந்துட்டு!"

அந்தப் பக்கம் முத்துசெல்வி சிரித்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சிரித்து அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவளே ஆரம்பித்துவிடுவாள்: "என்ன மேனேஜர், நேத்து வெந்நீ சூடு பத்தலையே?"

"நீங்க லேட்டா எந்திச்சா ஆறாம என்ன செய்யும் மேடம்?"

அவள் "உம், எந்திச்சுட்டேன்பா" என்று சொன்னாலும் வைக்கமாட்டார். போனில் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் பிள்ளையின் சத்தம் கேட்க வேண்டும். முதலில் ஒரு சிணுங்கல். அப்புறம் "ங்க், ங்க்" என்று விழுங்குகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு சாவிப் பலகைக்கு முன்னால் அசையாமல் நிற்பார். மூன்றாவது போன் முடிந்த பிறகுதான் மத்தியானச் சோறு.

வியாழக்கிழமை தோறும் அங்கே எடை பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பம் படியேறும்போதே கேட்பாள், "எம்புட்டு அண்ணாச்சி?"

"ரெண்டு நானூறு."

"எங்க வீட்டு வெடக்கோழி ரெண்டரைல்லா!"

"கோழியோட எம் பேத்தியச் சேக்காத. அடுத்த வாரம் பாரு."

அடுத்த வாரம் இரண்டு அறுநூற்றைம்பது. கோழி தோற்றது. ஐப்பசி மழை பிடித்து, அருவியில் தண்ணீர் பொங்கி, குளிக்கத் தடை போட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் வராமல் போனார்கள். அவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எட்டரைக்கு, முதல் மணியிலேயே முத்துசெல்வி எடுத்தாள்.

"எப்பா, மூணு கிலோ எரநூறு!"

"எம்புட்டு? இன்னொருக்க சொல்லு."

"மூணு எரநூறுப்பா! டாக்டர் இனிமே எழுப்பவே வேண்டாம்னுட்டாங்க. பசிச்சா அவளே அழுவா. நேத்துலாம் என்னா அழுகைங்கீங்க!"

"அழட்டும், அழட்டும். நல்லா அழட்டும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார், "அப்போ ரெண்டு மணிக்கு மட்டும் ஒரு போன் போடவா? ஒரு இதுக்கு?"

"வேண்டாம்பா. இப்பல்லாம் போன் சத்தத்துக்கே முழிச்சிருதா. முழிச்சா ஒரு மணி நேரம் தூங்க மாட்டேங்கா. நீங்களும் பாவம், நேரத்துக்குச் சாப்புடுங்க. ஞாயித்துக்கிழம நானே கூப்புடுதேன்."

"அதுஞ் சரிதான்" என்றார் நாறும்பூநாதன். "தூங்கட்டும்."

பஸ் ஏறி மேலகரம் போய்க் கால் கிலோ அல்வா வாங்கி வந்தார். தங்கபுஷ்பம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து தின்றாள்.

"பெறவென்ன அண்ணாச்சி, உங்க பீப்பிய எல்லாம் கட்டிப் பரண்ல போட்டுர வேண்டியதான். காதுக்காச்சும் நிம்மதி."

"ஆமா, போட்டுரணும்." இலையில் மிச்சமிருந்த அல்வாவை அவள் பக்கம் தள்ளினார்.

அன்று சாயங்காலம் எட்டு டைமரைப் பெட்டிக்குள் வைத்தார். ஏழாம் நம்பருக்குக் கீழே இருப்பதில் பேட்டரி புதிது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் எட்டரைக்கு, பல்கூட விளக்காமல், அதன் முன்னால் நின்றார். விரல் தானாகவே தொண்ணூறு வைத்தது. பத்து மணிக்கு அடித்தது. படத்தைப் பார்த்தார். அதே நீலக் குல்லாய். புதிது எதுவும் வரவில்லை. மறுபடி தொண்ணூறு வைத்தார். வெளியே மழை. மூன்று மாடியிலும் எல்லாக் கதவும் வெளிப்பக்கம் பூட்டிக்கிடந்தன. நாற்காலியை இழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். செல்போனை மடியில் வைத்திருந்தார்; பிறகு எழுந்து போய் மேஜை டிராயருக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார்.

பதினொன்றரை. முதல் பீப் வந்ததுமே பாய்ந்து பிடித்தார். துண்டில் ஒன்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் கையையும் பொத்திக்கொண்டார். பட்டனைத் தேடவில்லை. உள்ளே அது கத்திக் கத்தி ஓய்கிறவரை, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மெல்ல ஆடியபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கபுஷ்பம் மாடிப்படியில் இரும்பு வாளியை 'ணங்' என்று வைத்தாள். நாறும்பூநாதன் சட்டென்று திரும்பி, உதட்டின்மேல் விரலை வைத்தார்.