ஒரு தொண்டை, மூன்று மேடை

அழகேசன் அண்ணனை எங்கள் பக்கத்தில் யாரும் அழகேசன் என்று கூப்பிடுவதில்லை. மறைந்துபோன ஒரு சினிமாப் பாடகரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் இவர் தொண்டையிலும் இருக்கிறது, அதனால். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சட்டங்கள் மேல் பெயின்ட் பொடியைத் தூவிச் சுடுகிற பவுடர் கோட்டிங் கம்பெனியில் வேலை. சம்பளச் சீட்டில் மட்டும்தான் சொந்தப் பெயர் வரும். அந்தச் சீட்டைப் போடுவது நான். பி.காம். முடித்துவிட்டு அதே கம்பெனியின் ஆபீசில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை நான் சொன்னதைவிட அழகேசன் அண்ணன் அதிகம் பேரிடம் சொல்லியிருப்பார்.

அவருக்கு வருஷம் என்றால் நவம்பர் ஒன்பதுதான். அந்தப் பாடகரின் முதல் பாட்டு பதிவானது அந்தத் தேதியில். பல வருஷம் கழித்து அவர் இறந்ததும் அதே தேதியில். அதனால் ரசிகர்கள் ரெண்டையும் சேர்த்தே நடத்துகிறார்கள். காலையில் படத்துக்கு மாலை, சாயங்காலம் கேக். இரண்டுக்கும் நடுவே அழகேசன் அண்ணன் பாட வேண்டும். கம்பெனி முதலாளியும் ரசிகர் என்பதால் அன்றைக்கு லீவு கேட்கவே வேண்டாம், தானாகக் கிடைத்துவிடும்.

மேடையில் பேசுவது என் வேலை. "நீ படிச்சவன் தம்பி, நாலு வார்த்த நல்லா பேசு" என்று அவர்தான் இழுத்துவந்தார். நானும் சிரத்தையாக, அதே தேதியில் இசை உலகத்தில் வேறென்ன நடந்தது என்று போனில் தேடி எழுதிக்கொண்டு போவேன். எங்கோ ஒரு நாட்டில் ஒரு கிடார்காரர் பிறந்திருப்பார், எங்கோ ஒரு குழு சண்டை போட்டுப் பிரிந்திருக்கும். இரண்டாவது செய்திக்கு வருவதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "தம்பி, நியூஸ அப்பால படிச்சிக்கலாம். மைக்க அவராண்ட குடு."

இந்த வருஷம் தேதி நெருங்கும்போது அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டியது விடவில்லை. டாக்டர் இங்கிலீஷில் பேசினால் புரியாது என்று என்னையும் கூட்டிப்போனார். டாக்டர் நல்ல தமிழிலேயே பேசினார்.

"குரல் நாண் வீங்கியிருக்கு. ரெண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. இன்னும் மேலே போய்க் கத்துனீங்கன்னா பாட்டு மட்டுமில்ல, பேச்சே போயிடும்."

வெளியே வந்ததும் அவர் மனைவி சரசா அக்கா பிடித்துக்கொண்டார். "கேட்டுக்கினியா? கம்முனு ஊட்ல குந்து."

"மூணு எடத்துல வரேன்னு சொல்லிட்டேன் சரசா. ஒம்பதாந்தேதி முடியட்டும். பத்தாந்தேதிலேந்து பொணம் மாரி கம்முனு கெடக்கறேன்."

"அதுக்குத்தான் நானும் பயப்படறேன்."

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தோம். வயது ஏற ஏற அண்ணனால் அந்தப் பாடகரின் உச்சத்தைத் தொட முடியவில்லை. கீபோர்டு வாசிக்கும் உதயகுமார், வருஷத்துக்குக் கொஞ்சமாகச் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தான். இப்போது முழுசாக ரெண்டு கட்டை கீழே. ஒரே ராத்திரியில் இறக்கினால் கண்டுபிடிப்பார்கள், இப்படிப் படிப்படியாக இறக்கினால் தெரியாது என்பது அவன் கணக்கு. "நீ பாடு மாமே, கீழ எறக்குறத நான் பாத்துக்கறேன்" என்பான்.

ஒன்பதாம் தேதி காலை, முதல் மேடை முத்தாபுதுப்பேட்டையில். தூறல். தார்ப்பாய்க்கு அடியில் பாடகரின் படம், அதற்கு ஆள் உயரத்தில் மாலை. சரசா அக்கா வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் மெல்லிய பாட்டாக இரண்டை எடுத்தார். உதயகுமார் கண்ணைச் சிமிட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினான். குரல் உடையாமல் தாங்கியது. யாரோ ஒரு அம்மா அழுதார். இறங்கி வந்த அண்ணன் வெந்நீரைக் குடித்துவிட்டு, "ஒண்ணு ஓவர்" என்றார். அந்த ரெண்டு வார்த்தையே கரகரவென்று இருந்தது.

மதியம் அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் காவ்யா, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், ஐ.டி.யில் வேலை. கீழ்த்தளத்து ஹாலில் பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர். உதயகுமார் கீபோர்டை விரிக்கப் போனான்.

"அது வேண்டாங்க. குரல் இல்லாத ட்ராக் எடுத்து வச்சிருக்கோம். அதுல பாடுனா ஒரிஜினல் மாதிரியே இருக்குங்க."

"ட்ராக்ல சுருதி கொஞ்சம் எறக்க முடியுமா மேடம்?" என்றான் உதயகுமார்.

"எதுக்குங்க? ஒரிஜினல் ஸ்கேல்லயே இருக்கட்டும். சார் பாடாததா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். சரசா அக்கா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிவியில் இசை ஓட ஆரம்பித்துவிட்டது. ஹால் நிறையக் குழந்தைகளும், போனைத் தூக்கிப் பிடித்த அப்பாக்களும். இத்தனை பேருக்கு முன்னால் தன்னால் முடியாது என்று சொல்ல அண்ணனுக்குப் பழக்கமில்லை. பல்லவியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சரணத்தில் மூன்றாவது வரி மேலே ஏறும். ஏறினார். பாதியில் குரல் நின்றது, காற்று மட்டும் மைக்கில் வந்தது. மீதி வரிகளை அந்தக் காற்றிலேயே பாடி முடித்தார்.

கைதட்டல் பலமாக இருந்தது. உணர்ச்சிவசப்பட்டுத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்துவிட்டார்கள். "ரொம்ப ஃபீல் பண்ணிப் பாடுனீங்க சார்" என்றார் காவ்யா. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அங்கிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் சரசா அக்காவிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "வேணாம். பேசாத" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருட்டும்வரை திரும்பவே இல்லை.

சென்னீர்குப்பத்தில் மேடை நெடுஞ்சாலையை ஒட்டி. லாரி போகும்போதெல்லாம் சீரியல் பல்பு ஆடியது. ரசிகர் மன்றத் தலைவர் சின்னசாமி, தண்ணிக் கேன் வியாபாரம் செய்பவர், ஓடிவந்தார்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

நான் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். சின்னசாமி கொஞ்சம் யோசித்தார்.

"அவ்ளோதான? ஒரிஜினல் பாட்டு போன்ல கீது. அத்த போட்டு வுடு. அண்ணாத்தே வாய மட்டும் அசைக்கட்டும்."

"அதுக்கு இவரு எதுக்குய்யா? கடையில ஒரு பொம்ம வாங்கி நிக்க வெய்யி" என்றான் உதயகுமார்.

"பொம்மைக்கு எவன்யா கை தட்டுவான்?"

உதயகுமார் கீபோர்டு உறையின் ஜிப்பை இழுத்து மூடினான். அண்ணன் நாற்காலிகளைப் பார்த்தார். எல்லாம் நிரம்பியிருந்தன. பிறகு சரசா அக்காவைப் பார்த்தார்.

"அசைச்சா தொண்டைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல," என்றார் அக்கா. "அசைச்சுட்டு வா. ஊட்டுக்குப் போலாம்."

அன்றைக்கு நான் குறிப்பு எதுவும் படிக்கவில்லை. பெயரை மட்டும் சொல்லி மைக்கைக் கொடுத்தேன். அணைத்து வைத்த மைக். போனிலிருந்து பாட்டு கிளம்பியது, மறைந்தவரின் குரல், அதன் சொந்தச் சுருதியில். அண்ணன் வாயசைத்தார். மூச்சு எடுக்கும் இடம், சொல்லை மடக்கும் இடம், சிரிப்பை ஒளிக்கும் இடம், எதிலும் இம்மி பிசகவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. சத்தமே இல்லாத அந்தத் தொண்டையில், பாட்டு மேலே ஏறும் இடத்தில் நரம்பு புடைத்தது.

முடிந்ததும் விசில். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து மேடையோரம் வந்தார். வருஷா வருஷம் வருபவர்தான். வந்து ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கிட்டத்தட்ட அவுருதான். மேல போவசொல்லதான் கொஞ்சம் கொறையுது." உதயகுமாரின் வேலையைக் கண்டுபிடித்த ஒரே காது அது. அந்தப் பெரியவர் இந்த முறை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசத்துல இன்னிக்குதாம்ப்பா அப்டியே கீது. அச்சு அசல். ஒரு இம்மி கொறையில்ல."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி ஒரு மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கழற்றிப் போட்ட சட்டை நாற்காலியில் கிடப்பது போல இருந்தது.

சின்னசாமிக்கு ஒரே குஷி. "அடுத்த வருசமும் இப்டியே வெச்சிக்கலாம் அண்ணாத்தே. ஒனக்கும் அலுப்பு கெடையாது."

அடுத்த ரெண்டு வாரமும் அக்கா காவல் இருந்தார். கம்பெனியில் அண்ணன் சைகையிலேயே வேலை பார்த்தார். பேசிவிட மாட்டாரா என்று பையன்கள் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பாடிக் காட்டினார்கள். அவர் கொக்கியில் சட்டங்களை மாட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "தம்பி, என் பி.எஃப். நம்பர கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தடித்த, சொரசொரப்பான, சாதாரணக் குரல். அதில் அந்தப் பாடகர் இல்லை. அழகேசன் அண்ணன்தான் இருந்தார்.

"பாட்டு?" என்று கேட்டேன்.

"மேல போவல. கீழ கீது. போதும்."

பொங்கல் முடிந்த வாரம் சின்னசாமி கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். மத்த மன்றத்துக்காரர்கள் முந்துவதற்குள் தேதியை உறுதி செய்துகொள்ள வேண்டுமாம்.

"ஒம்பதாந்தேதி கண்டிப்பா வரேன்," என்றார் அண்ணன். "பாட வரல. முன்னாடி ஒரு சேர் போட்டு வெய்யி. குந்திக்கினு கேக்கறேன்."

"அப்ப மேடையில?"

"பாட்டுதான் போன்ல கீதே."

"வாயசைக்க ஆளு வேணாமா அண்ணாத்தே?"

"நீ அசை. நல்லா அசையும் ஒனக்கு."

சின்னசாமி சிரித்தார். அண்ணனும் சிரிப்பார் என்று காத்திருந்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. உள்ளே அடுத்த லோடு ஜன்னல் சட்டங்கள் இறங்கியிருந்தன. மூக்கையும் வாயையும் மூடித் துணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.