என் கணவரின் மருதோண்டிக் கால்

ஏறாவூரில் எங்கள் கிணற்றடியில் நிற்கும் மருதோண்டி, பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் உரியதல்ல. சேற்றுப்புண்ணுக்கும் அதுதான் எங்கள் கைமருந்து. போன மாரி விதைப்பில் என் கணவரின் கால்விரல் இடுக்கெல்லாம் ஊறி வெள்ளையாக வெடித்துப்போயிற்று. கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் ஆறும். வட்டை வயலில் இறங்கிச் சேற்றை மிதித்தால் மறுபடியும் வந்துவிடும்.

நோவைவிட வெட்கம்தான் அவரை வாட்டியது. பள்ளிவாசலில் தொழ நிற்கும்போது பக்கத்து ஆளின் காலோடு கால் ஒட்டி நிற்க வேண்டும். அவர்களுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து, வெள்ளிக்கிழமைகூடப் போகாமல் வீட்டுக்குள் தனியாகத் தொழுதார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் மருதோண்டி போட்டுவிடுகிறவள் நான். என் வீட்டுக்காரரின் காலை விட்டுவிடுவேனா?

இலையை மைபோல அரைத்து அப்பினேன். கைப்பழக்கம், மணப்பெண்ணுக்குச் சிவக்கக் கட்டுவதுபோலப் பொலித்தீன் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். விடிந்து அவிழ்த்தால் நிறம் அபாரம். புண்ணும் அபாரம்.

ஆஸ்பத்திரி டொக்டர் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "இது பூஞ்சணம். ஈரத்திலதான் வளரும். நீங்க அதுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கிறீங்க. மருதோண்டி போடுறதெண்டா காய விடுங்க. குறையாட்டி இஞ்ச வாங்க."

அன்றிலிருந்து காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிதாகப் பூசி வெயிலில் நீட்டிவைக்கச் சொன்னேன். என் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"புது மாப்பிள்ளைக்குக் கால் காயுதோ?"

"சிரி, சிரி. நாளைக்கு ஒனக்கு வந்தாலும் இஞ்சதான் வரணும்" என்றேன்.

மெல்ல மெல்லப் புண் ஆறித் தோல் மூடியது. கால் மட்டும் செக்கச்செவேலென்று கிடந்தது. வெள்ளிக்கிழமை குளித்து உடுத்தவர் வாசலில் நின்று தயங்கினார்.

"இந்தக் காலோட எப்பிடிப் போற? எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். மருந்துதானே."

போனார். எனக்குச் சோறு வடிக்கவும் கை ஓடவில்லை. திரும்பி வரும்போது தம்பியும் கூடவே வந்தான். இந்தமுறை அவன் கேலி பேசவில்லை.

"ராத்தா, மச்சான் இண்டைக்கு முன் வரிசையில நிண்டார். ரெண்டு பக்கமும் ஆக்கள் காலொட்டித்தான் நிண்டாங்க."

அவர் பாயில் உட்கார்ந்தார். உடுத்திருந்த சாரத்துக்குள் ஒளிக்காமல் இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டார். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அந்தக் காலைக் காட்ட வேண்டும்போல எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.