முதலமைச்சர் என்ற சொல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் என்னுடைய அகதி விசாரணை நடந்தது. அன்றைக்கிருந்த பயம் எப்போதோ போய்விட்டது. கோபம் போகவில்லை.

ஊரில் நான் மாகாண சபையில், முதலமைச்சரின் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். ஆசிரியர் இடமாற்றம், கூரை போன பாடசாலை, கணவனை இழந்தவர்களின் விண்ணப்பம், இவைதான் நான் அடித்த கடிதங்கள். ஆயுதம் ஏந்தியிருந்த ஓர் இயக்கம் தேர்தலில் நின்று அமைத்த அந்தச் சபை இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. பதவியில் இருந்த பெரியவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அடித்தவர் யார் என்று தெரிய, கடிதத்தின் அடியில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் போட்ட எங்களைப் போன்றவர்கள் அங்கேயே நின்றோம். அந்த எழுத்துகள் யாருடையவை என்று விசாரித்துக்கொண்டு எதிர் இயக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கொழும்புக்கு ஓடி, பிறகு இங்கே வந்து சேர்ந்தேன்.

எனக்கு ஆங்கிலம் வரும். ஆனாலும், பதற்றத்தில் தடுமாறக்கூடாது, தமிழிலேயே சொல்லுங்கள் என்று என் லோயர் சொல்லியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் நாட்டுத் தமிழர்தான். ஐம்பது வயதிருக்கும், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். யாரிடம் வேலை செய்தாய் என்று விசாரணை அதிகாரி கேட்டார். முதலமைச்சரின் அலுவலகத்தில் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில், ‘அந்த இயக்கத்தின் தலைவருடைய அலுவலகம்’ என்று சொன்னார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். எப்போது அந்த இயக்கத்தில் சேர்ந்தாய், ஆயுதப் பயிற்சி எடுத்தாயா, தலைவர் எவ்வளவு காலம் தலைவராக இருந்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டார். இயக்கத்து ஆள் என்று பதிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் தலைவரல்ல, முதலமைச்சர், தேர்தல் நடத்திச் சட்டப்படி அமைந்த சபை அது, நான் அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பேசும்படி அதிகாரி கையைக் காட்டினார். என் லோயர் எழுந்து இன்னொரு நாள் தரும்படி கேட்டார். கிடைத்தது.

வெளியே, லிப்டுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை மறித்தேன்.

“ஏன் அண்ணை அப்பிடி மாத்திச் சொன்னனீங்கள்?”

“ஆயுதக்காரர் நடத்தின உதை ஒரு அரசாங்கம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, தங்கச்சி. அந்தாள் முதலமைச்சரே?”

“அதை நீங்கள் ஏன் தீர்மானிக்கிறீங்கள்? நான் சொன்னதைச் சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டவை.”

அவர் லிப்டுக்குள் ஏறிப் போய்விட்டார். அந்தச் சபையின்மேல் எனக்கும் கோபம் இருந்தது. எங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள்தானே. ஆனால் என் கோபத்தை நான் யாருடைய கேஸிலும் செருகவில்லை.

அடுத்த நாள் நகரத்தின் நடுவில், டவுன்ரவுனில் இருந்த பெரிய நூலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்த பெண், எந்த நாடு என்று மட்டும் கேட்டுவிட்டு, மூன்று தடித்த ஆண்டுநூல்களைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவதில் இருந்தது. மாகாணங்களும் முதலமைச்சர்களும், அவரவர் பதவிக்காலமும். எங்கள் மாகாணத்துக்கு ஒரு பெயர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி. ஒரே வரி. அந்த வரிக்குள்தான் நான் நாள் முழுக்க ரைப் அடித்திருந்தேன். போட்டோகொப்பி எடுக்கும்போது கோபத்தில் அழுதேன்.

இரண்டாம் விசாரணைக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், ஒரு பெண். நான் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார். அதிகாரி நான் கொடுத்த போட்டோகொப்பித் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார். சில வாரங்களில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. முதல் நாள் நடந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

நாலைந்து வருடம் கழித்து, ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் அந்த முதல் மொழிபெயர்ப்பாளரைக் கண்டேன். மனைவியோடு நின்றார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

“உவவின்ரை கேஸ் நான்தான் செய்தது” என்று மனைவிக்குச் சொன்னார்.

“செய்தது நீங்கள்தான், அண்ணை. என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்ததும் நீங்கள்தான்” என்றேன்.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பழைய கதை என்பதுபோல் கையை வீசினார். மனைவி மட்டும், இவ என்ன சொல்லுறா என்று அவரைக் கேட்டுக்கொண்டே நின்றார். வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்தேன். காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். கடையில் அப்படிச் சொன்னபோதும் அவரை அண்ணை என்று கூப்பிட்டிருக்கிறேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.