கேட்டு வாங்கிய விருந்து

அரிசி மூட்டைகளும் ஒரு வெள்ளாட்டுக் கிடாயுமாக எங்கள் ஆலயத்து வாசலில் வந்து நின்ற டெம்போவை, ஒன்றையும் இறக்கவிடாமல் அப்பா திருப்பியனுப்பியது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில். அன்னூருக்கு வடக்கே ஒரு சிற்றூரில், தொண்ணூறுகளில், அப்பா சபை உபதேசியாராக இருந்தார். சபையார் எல்லோரும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும், ஊரில் இல்லாதப்பட்டவர்கள் யார் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், கறிச்சோறு உண்டு. அதற்கு ஆண்டுதோறும் அரிசியும் கிடாயும் கொடுத்தவர் எங்கள் சபையைச் சேராத ஒரு பெரிய தோட்டத்துக்காரர். அப்பா ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துவார். நாங்கள் ஆமென் சொல்வோம்.

அந்த வருடம் அவருடைய தோட்டத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டிவந்த அண்ணன் ஒருவர், எங்கள் சபைக்காரர், எல்லோருக்குமாகச் சேர்த்துக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருந்தார். மறுநாளே அவருக்கு மட்டும் வேலை இல்லையென்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் அவரைச் சேர்க்கவில்லை. “கூலியில பிடிச்சதைத்தான் நமக்குக் கிடாயா அனுப்பறாரு. அதை வாங்கிட்டு ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்றது?” என்றார் அப்பா. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்பாவின் மகளாக இருப்பதே அன்று பெருமையாக இருந்தது.

மத்தியானம் அந்த அண்ணனின் மனைவி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் படியேறாமல் வாசலிலேயே நின்றார்.

“ஏனுங்கய்யா, கிடாயத் திருப்பி உட்டுப்போட்டீங்களாமா?”

“உன்ற ஊட்டுக்காரருக்குச் செஞ்ச அநியாயத்துக்குத்தாம்மா.”

“அவருக்கு வேல போனதுல இருந்து எம்பட ஊட்டுல நல்ல சோறே ஆக்கலீங்க. நாளைக்கு ஒரு நாளாச்சும் வயிறாரத் திங்கலாம்னு புள்ளைக இருந்துதுக. உங்க கோவத்துக்கு அதுக ஏனுங்க பட்டினி கெடக்கோணும்?”

அவர் சத்தம் போடவில்லை, அழவுமில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். பொழுது சாய்வதற்குள் அதே டெம்போ திரும்பி வந்தது. பின்னாலேயே சைக்கிளில் அப்பா. அங்கே என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அந்த அக்கா தன் பிள்ளைகளைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துப் பிய்த்து அவர்கள் இலையில் வைத்தார். அண்ணன் வரவில்லை. ஜெபத்தில் அப்பா தோட்டத்துக்காரர் பெயரையும் சொல்லி நன்றி செலுத்தினார். எங்கள் ஆமெனில் வழக்கமான சத்தம் இல்லை. பொங்கலுக்குள் அந்தக் குடும்பம் பனியன் கம்பெனி வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டது.

இப்போது நான் போத்தனூரில் இருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் எங்கள் சபையிலும் இல்லாதவர்களுக்குப் போர்வையும் கேக்கும் கொடுக்கிறோம். நானும் கூடப் போகிறேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மனம் நிறைவதில்லை. முதுமையில் என்னோடு வந்து தங்கியிருக்கும் அப்பாவிடம் போன கிறிஸ்துமஸுக்குத்தான் கேட்டேன்: கிடாயைத் திருப்பியனுப்பியது தப்பா, போய்க் கேட்டு வாங்கியது தப்பா?

“ரெண்டும் இல்லம்மா,” என்றார். “டெம்போவுல எல்லாத்தையும் ஏத்தி முடிச்சதும் தோட்டத்துக்காரரே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘வேற ஏதாச்சும் வேணுங்களா அய்யா, கூச்சப்படாமக் கேளுங்க’ன்னாரு. நல்ல மனசோடதான் கேட்டாரு. அவனுக்கு மறுபடி வேலை குடுங்கன்னு அப்பச் சொல்லியிருக்கலாம். நான், ‘இதுவே போதுமுங்க’ன்னுட்டு வந்துட்டேன்.”